வில்யோவின் மூச்சு

கௌஹாயோகி
திங்கட்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான இலாரிக்கு,

அத்தை எழுதுகிறேன். உனக்கும் உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் தேவ சமாதானம் உண்டாகட்டும். பிரியமான என்று கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். இன்றைக்கு உன்மேல் அவ்வளவு பிரியம் ஒன்றும் இல்லை. நேற்றிலிருந்து போன் போடுகிறேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஜெபம் பண்ணுகிற வாயால் சொல்லக்கூடாததையெல்லாம் சொல்லியிருப்பேன். ஆண்டவர்தான் உன்னைக் காப்பாற்றினார்.

இங்கே எல்லோரும் சுகம். ராத்திரியில் தரை உறைந்துபோகிறது, காருக்குப் பனிக்கால டயர் மாட்டிவிட்டோம். எனக்கு முழங்கால்தான் மாடி ஏற விடமாட்டேன் என்கிறது. உன் அம்மா ஹெல்வி உனக்காகக் காட்டுப்பழ ஜாம் காய்ச்சி வைத்திருக்கிறாள். சனிக்கிழமை பரிசுத்தவான்கள் திருநாளுக்கு நீ வருகிறாய், கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து நீ செய்த வீடியோ விளையாட்டைப் போட்டுக் காட்டப்போகிறாய் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நேற்று ஆராதனை முடிந்து பாதிரியார் வீட்டுக்குப் போனேன். அவர் மகள் சைலா, நூலகத்தில் வேலை பார்க்கிறாளே, அவள் உன் விளையாட்டை வாங்கியிருக்கிறாள். "வாங்க இர்மேலியக்கா, உங்க மருமகன் கெட்டிக்காரன், வந்து பாருங்க" என்று டிவி முன்னால் உட்கார வைத்தாள். எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஏலக்காய் பன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

உடைந்த விண்கலத்துக்குள் ஒரு மனுஷன் தனியாக இருக்கிறான். மேடைக்கு மேடை தாவுகிறான், பெட்டியைத் தள்ளுகிறான், கண்ணாடியைத் திருப்பி வெளிச்சத்தைக் கதவில் அடிக்கிறான். ஒவ்வோர் அறையிலும் கொஞ்சம் காற்றுதான். வழி கண்டுபிடிக்கிற மட்டும் அவன் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

மூச்சை இழுக்கிறபோது கடைசியில் ஒரு சின்ன விசில்.

டேய், அந்த விசிலை எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் பந்து அடித்து மூக்கு உடைந்த நாளிலிருந்து என் அண்ணன் வில்யோவுக்கு, உன் அப்பாவுக்கு, அந்த விசில் உண்டு. சைலாவுக்கு வழி தெரியவில்லை. காற்று குறைந்தது, மூச்சு இழுத்து இழுத்து வந்தது, நின்றது. அவள் சிரித்துக்கொண்டே, "ஐயோ, செத்துட்டான்! இருங்க, மறுபடி போடறேன்" என்றாள். மறுபடி போட்டாள். மறுபடி நின்றது. என் அண்ணன் என் கண்முன்னே எத்தனை தடவை சாவான், சொல். பன் தட்டு கீழே விழுந்தது. தலைசுற்றல் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவன் மூச்சு அடங்கிய அன்றைக்கு நான்தான் போனை அவன் காதருகே பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். வேலையை விட்டு வர முடியவில்லை, அப்பா கேட்கட்டும், நானும் கேட்கிறேன் என்றாய். நீ அதைப் பதிவு பண்ணிக்கொண்டிருந்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இன்று காலையில் உங்கள் ஆபீசுக்குப் போன் போட்டேன். ரோன்யா என்று ஒரு பெண் எடுத்தாள். மூச்சுச் சத்தம் யாருடையது என்று தெரியாதவள் போலக் கேட்டேன். "அது முதல்ல சும்மா தற்காலிகமா வச்சதுங்க. கைக்குக் கிடைச்ச சத்தத்தப் போட்டுட்டு அப்புறம் மாத்திருவோம். இதுக்குன்னு ரெண்டு நடிகரக் கூட்டிட்டு வந்தோம். இலாரி மாத்தவே விடல, கத்திட்டாரு" என்றாள். பாவம், அவளுக்கும் நீ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மாற்ற விடாமல் கத்தினாயாமே. அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்ச நேரம் கோபம் வரவில்லை. பிறகு இரண்டு மடங்காக வந்தது.

ஏனென்றால் உனக்கு ஒன்று தெரியாது. அந்த நேரத்தில் ஹெல்வி அறையில் இல்லை. ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தவளை நர்ஸ்தான், "ஒரு காப்பி குடிச்சிட்டு வாங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்று கீழே அனுப்பினாள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து உன் அம்மா காப்பி குடிப்பதில்லை. காரணம் கேட்பவர்களிடம் வயிறு சரியில்லை என்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மூச்சுக்குப் பக்கத்தில் படுத்தவளுக்குக் கடைசி மூச்சு கிடைக்கவில்லை. அது உன்னிடம் இருக்கிறது. அதைப் போட்டு ஊரான் பிள்ளைகள் கதவு திறந்து விளையாடுகிறார்கள். சனிக்கிழமை நீயே அவள் முன்னால் போட்டுக் காட்டப்போகிறாய். அவளுக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்தாயா, முட்டாளே?

சனிக்கிழமைக்குள் விளையாட்டிலிருந்து அதை எடுத்துவிடு. முடியாது என்று சொல்லாதே. ஒரே நாளில் எல்லோருக்கும் புதுசாக மாற்றி அனுப்பலாம் என்று ரோன்யாவே சொன்னாள்.

ஆனால் அழித்துவிடாதே. கேட்கிறதா? அழிக்காதே. உன் போனில் எடுத்துக்கொண்டு வா. அம்மாவிடம், அன்றைக்கு நானும் போனில் இருந்தேன் என்று உன் வாயால் சொல். அவள் கேட்டால் கதவைச் சாத்திவிட்டு நீங்கள் இரண்டு பேரும் கேளுங்கள். நான் வரமாட்டேன். எனக்கு ஒரு தடவை போதும்.

கர்த்தர் உன் நாவை அவிழ்ப்பாராக. வெள்ளிக்கிழமை ரயிலிலேயே வா, கல்லறைக்குப் போகிறதற்கு முன்னாலேயே சொல்லிவிடு.

உன் அப்பாவின் தங்கை,
இர்மேலி