பந்தை வைத்து நடத்திய பாடம்

என்னங்க,

போன் எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நான் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டேன். இன்று ஒன்பதாம் வகுப்புக்கு இயக்க ஆற்றல்.

வருஷா வருஷம் அந்தப் பாடத்துக்கு நான் பைக்கைத்தான் உதாரணம் சொல்வேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒருவன் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் ஆற்றல் நான்கு மடங்காகிவிடும் என்று. இன்றும் பழக்கத்தில் போர்டில் இரண்டு சக்கரம் வரைந்துவிட்டேன். முன்பெஞ்சு ஷாரோன் எழுந்து, "மிஸ், வண்டி வாணாம் மிஸ். கிரிக்கெட் பால் வெச்சு சொல்லுங்க" என்றாள். அழித்துவிட்டுப் பந்து வரைந்தேன். கணக்கெல்லாம் சரியாக வந்தது. எனக்கு அழுகை வரவில்லை.

பையனின் வண்டியை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து உங்கள் தம்பி மினி வேனில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அவன் காரியம் முடிந்த அன்றே முட்டுக்காட்டுக்கு வேலைக்குப் போன நீங்கள், படகுத்துறையிலேயே தங்கிவிட்டீர்கள். பூஜை போட்ட அன்று டேங்கில் நீங்கள் வைத்த சந்தனப் பொட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. வண்டியை யார் வாங்கிக் கொடுத்தது என்று நான் யாரிடமும் பேசுவதில்லை.

பாடம் முடியும்போது ஷாரோன் மறுபடி கேட்டாள்: "நின்னுபோன பால்ல எவ்ளோ மிஸ் இருக்கும்?"

பூஜ்ஜியம் என்றேன்.

வாசலில் நிற்கும் வண்டியும் அப்படித்தான். அது உங்களை ஒன்றும் செய்யாது. வீட்டுக்கு வாங்க.

படாளத்திலிருந்து,
பையனின் அம்மா