மூன்றாம் கேள்விக்கு எழுதிய பொய்

உச்சிப்புளி
14-9-1959

மதிப்பிற்குரிய டாக்டர் பாக்கர் சார் அவர்களுக்கு, ரயில்வே கேட் கூத்தையா கைகூப்பி எழுதுவது. இங்கே மழை இல்லை, காற்று மட்டும் ஓயாமல் அடிக்கிறது. சென்னையில் நீங்களும் வீட்டாரும் சுகமென்று நம்புகிறேன்.

இந்த மாதக் கேள்வித்தாளை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். அதைப் பார்க்குமுன் இந்தக் கடிதத்தைப் படித்துவிடுங்கள். படித்த பிறகு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசுங்கள்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சடுகுடு ஆட்டத்தில் முழங்கால் கெட்ட பன்னிரண்டு பேருக்குக் காலில் மணல் மூட்டை கட்டித் தூக்கும் பயிற்சி கொடுத்ததில், மாதம் தவறாமல் தாள் அனுப்புகிறவன் நான் ஒருவன்தான் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தொடையில் சதை பிடித்தும் வலி போகவில்லை, என்னோடு பயிற்சி எடுத்த இருளாண்டிக்குக் குணமானது தற்செயலாக இருக்கலாம், ஆகவே இந்தப் பயிற்சியால் பயனில்லை என்று டிசம்பரில் டாக்டர்கள் கூட்டத்தில் சொல்லப் போகிறீர்களாம். உங்கள் ஊர்க்காரப் பையன் சதக்குக்கும் மற்ற புதியவர்களுக்கும் பயிற்சியை நிறுத்திவிட்டு, பழையபடி மாவுக்கட்டுப் போட்டுப் படுக்கவைக்கப் போகிறீர்களாம். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சார், எனக்கு வலி இல்லை. மாசி மாதமே போய்விட்டது.

டேப் அளவில் நான் பொய் எழுதவில்லை. பதினைந்தரை அங்குலமாகச் சூம்பியிருந்த தொடை பதினேழே கால் ஆனது சத்தியம். மூட்டையையும் ஒரு நாள் விட்டதில்லை. மணலில் ஈரம் ஏறினால் எடை மாறும் என்று நீங்கள் எழுதியதால், வெயிலில் காயவைத்துத்தான் கட்டினேன். கேட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் சிலீப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவேன். வண்டியில் போகிறவர்கள் இவனுக்கு என்ன கிறுக்கா என்று பார்ப்பார்கள். பார்க்கட்டுமே. பொய் எழுதியது மூன்றாம் கேள்விக்கு மட்டும்தான். "இந்த மாதம் எத்தனை நாள் வலி இருந்தது?" என்ற கேள்விக்கு ஏழு மாதமாகப் பதினைந்து, பதினெட்டு, பன்னிரண்டு என்று வாய்க்கு வந்ததை எழுதினேன். உங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று மாற்றி மாற்றி வேறு எழுதினேன். எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். என்னோடு அதே ஆட்டத்தில் விழுந்த இருளாண்டி தை மாதம் இங்கே வந்தான். "ஏலே கூத்தையா, எனக்கு வலி இல்லைன்னு ரெண்டு மாசம் எழுதினேன். இனிமே தாள் அனுப்ப வேணாம்னு கார்டு வந்துருச்சு. விட்டது தொல்லை, தூத்துக்குடிக்கு வேலைக்குப் போறேன்" என்று சொல்லிக் கார்டைக் காட்டினான். அச்சடித்த நாலு வரி, கீழே உங்கள் கையெழுத்து. அவனுக்குச் சிரிப்பு. நான் அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரி பூமயில் காய்ச்சலில் போய் இந்த ஆடியோடு மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. காலில் அடிபட்ட பிறகு ஆட்டத்துக்குக் கூப்பிட வருகிற ஆட்களும் நின்றுபோனார்கள். தபால்காரர் முனியசாமி இந்தக் கேட்டுக்கு வருவதே உங்கள் தாள் வருகிற அன்றைக்குத்தான். தாளின் அடியில் நீங்கள் கைப்பட இரண்டு வரி எழுதுவீர்கள். ஒரு தடவை "மீன் கிடைக்கிறதா, நன்றாகச் சாப்பிடு" என்று எழுதியிருந்தீர்கள். நான் சாப்பிட்டேனா என்று கேட்க இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை சார். வலி போய்விட்டது என்று எழுதினால் நீங்களும் போய்விடுவீர்கள் என்று பயந்தேன். இவ்வளவுதான் காரணம்.

நான் ஒருவன் எழுதும் பொய் என் முழங்காலோடு போகும் என்று நினைத்தேன். அது சதக்கின் காலையும் கட்டிப்போடும் என்று எனக்குத் தெரியாது. அடிபட்டதும் முதலில் எனக்கும் ஒன்றரை மாதம் மாவுக்கட்டுப் போட்டார்களே. பிரித்தபோது கால் குச்சியாக இருந்தது. அந்தப் பையனுக்கு அது வேண்டாம். நேற்று ஆட்டக்களத்துக்குப் போய் பழைய ஆட்டக்காரர்கள் முன்னால் மூச்சுப் பிடித்துப் பாடிப் போனேன். மூன்று பேர் பிடித்தும் கோட்டைத் தொட்டுத் திரும்பினேன். சாட்சி வேண்டுமானால் முனியசாமியைக் கேளுங்கள், அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மாதத் தாளில் மூன்றாம் கேள்விக்கு "ஒரு நாளும் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். பழைய ஏழு தாள்களிலும் அப்படியே திருத்திக்கொள்ளுங்கள். கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பொய்யன் என்றாலும் எனக்கு வருத்தமில்லை. பயிற்சியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ஏர்வாடி தர்காவுக்குப் போனவர்களிடம் உங்கள் பெயருக்குச் சர்க்கரை கொடுத்தனுப்பியிருக்கிறேன். உங்கள் கை பட்ட கால்களெல்லாம் ஓடட்டும், நீங்கள் நீண்ட ஆயுளோடு இருங்கள். இனி தாள் அனுப்ப வேண்டாம் என்ற கார்டு எனக்கும் வரும். வரட்டும், அதுதான் முறை. பெருநாளைக்கு ஊருக்கு வரும்போது உச்சிப்புளியில் இறங்குமுன் சன்னல் ஓரமாக உட்காருங்கள் சார். கொடியோடு நேராக நிற்பேன். எந்தக் கால் அடிபட்ட கால் என்று உங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது.

தங்கள் கீழ்ப்படிந்த,
வெ. கூத்தையா