வலது கன்னம்

ஃபோட்டோ கடைக்காரர் உன் முகத்தைச் சரி பண்ணிக் கொடுத்துவிட்டார், நைனா. "வலது பக்கம் ஒரே சுருக்கமா இருந்துச்சு தங்கச்சி. இடது பக்கத்தை அப்படியே எடுத்து அங்கயும் வெச்சுட்டேன். இப்ப பாரு, எவ்ளோ பளிச்சுனு கீறாரு" என்று பெருமையாக நீட்டினார். வெள்ளிக்கிழமை உன் முதல் வருஷ திதி. சுவரில் மாட்டப் பெரிய படம் வேண்டும் என்று, துறைமுகத்து கேட் பாஸுக்காக நீ எடுத்த படத்தைக் கொடுத்திருந்தேன். நீ நேராகப் பார்க்கிற படம் என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். பழைய முகம் ஒரு பிரின்ட், புது முகம் ஒரு பிரின்ட். எது என்று நாளைக் காலையில் சொன்னால் ஃபிரேம் போட்டுத் தருவாராம்.

என் மருந்துக் கடை கவுன்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாள் பூரா பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இருந்திருந்தால் யோசிக்கவா விட்டிருப்பாய்? புது முகத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்த் திருவொற்றியூர் முழுக்கக் காட்டிவிட்டு வந்திருப்பாய். நீ ஆசை ஆசையாகக் கேட்டதும் அதைத்தானே. அந்த ஆசையை நிறைவேற்றுவதா வேண்டாமா என்று இன்று ராத்திரிக்குள் நான் முடிவு பண்ண வேண்டும்.

கன்டெய்னர் ட்ரைலர் ஓட்டுகிறவனுக்கு இத்தனை அழகுப் பித்து இருந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சட்டைப் பையில் சீப்பு, டேஷ்போர்டில் பவுடர் டப்பா, ஞாயிற்றுக்கிழமை ஆனால் மீசைக்கு டை. அம்மா வாசலில் நின்று, "லோடு ஏத்தப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?" என்று கேட்பாள். நீ சீப்பை இன்னொரு தடவை எடுத்துச் சீவிவிட்டுத்தான் கிளம்புவாய்.

உன் வலது கன்னத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது டோல்கேட் சிக்னலில். அதற்கு முன்னால் வீட்டில் பார்க்காமலா இருந்திருப்பேன்? பார்த்திருப்பேன், கண்ணில் உறைத்திருக்காது. சின்ன வயதில் லீவு நாளில் உன் வண்டியில் ஏறினால் எனக்கு இடது பக்க சீட். அங்கிருந்து பார்த்த அந்தப் பக்கத்து முகம்தான் எனக்கு அப்பா. டோல்கேட்டில் அன்று மதியம், கடையிலிருந்து டீ வாங்க ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போயிருந்தேன். உச்சி வெயில். என் பெயர் எழுதிய உன் வண்டி ஜாமில் நகர்ந்து வந்தது. ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு யாரோ ஒரு கிழவர் ஓட்டிக்கொண்டு வந்தார்.

நைனா எங்கே, உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா, வண்டியை யாரிடம் கொடுத்தார் என்று டீ கிளாஸோடு நடு ரோட்டுக்கே போய்விட்டேன். அந்தக் கிழவர் ஹாரன் அடித்தார். முகத்தைத் திருப்பினார். திருப்பத் திருப்பக் கிழவர் மறைந்து, மூக்குக்கு அந்தப் பக்கமிருந்து நீ வந்தாய். "இன்னாமா, அப்டியே நின்னுகினு கீறே? ஓரமா போ" என்றாய். ஒரே முகத்தில் இரண்டு வயது இருக்கும் என்று அதுவரைக்கும் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சாயங்காலம் உன்னை ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்கார வைத்தேன். இடது பக்கம் என் அப்பா. வலது பக்கம் என் அப்பாவுக்கு அப்பா. கண்ணுக்குக் கீழே தோல் தொங்கிப் பையாக இருந்தது. நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் கோடு கோடாக இறங்கியது, நடுவில் பழுப்புப் புள்ளிகள். மூக்கின் நடுவில் வரப்பு கட்டினதுபோல அத்தனையும் நின்றுவிட்டது. "உனக்கு ரெண்டு மூஞ்சி கீது நைனா" என்றேன். அடுப்படியிலிருந்து அம்மா, "அதைத்தானே நான் கண்ணாலம் ஆன நாள்லேந்து சொல்லிகினு கீறேன்" என்றாள்.

நீ சிரிக்கவில்லை. கண்ணாடி முன்னால் போய் இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பிப் பார்த்தாய். மணலியில் ஏற்றி, எண்ணூர் ரோட்டில் மணிக்கணக்காக வரிசையில் நின்று, துறைமுகத்தில் இறக்கித் திரும்பி வருகிற அத்தனை வருஷமும் ஜன்னல் பக்கம் இருந்தது அந்த ஒரு கன்னம்தான். "டோல்கேட்ல நம்மகிட்ட வாங்கற மாதிரி, சூரியன் தெனம் இந்தப் பக்கமா நின்னு வசூல் பண்ணிகினு போயிருக்கான்மா" என்றாய். அன்று ராத்திரி நீ சரியாகச் சாப்பிடவில்லை. என் கல்யாணத்துக்கு அப்போது இரண்டு மாதம் இருந்தது. மேடையில் பொண்ணுக்கு அப்பாவாக இந்த முகத்தோடு எப்படி நிற்பது என்பது உன் கவலை.

அப்புறம்தான் அந்தக் கூத்து. யாரோ தோஸ்து பேச்சைக் கேட்டு, ஃபேன்ஸி ஸ்டோரில் வெள்ளையாக்குகிற க்ரீம் ஒன்றை எங்களுக்குத் தெரியாமல் வாங்கி வந்து, வலது கன்னத்துக்கு மட்டும் பூசினாய். இரண்டு பக்கமும் சமமாகிவிடுமாம்! பத்து நாள் மினுமினு என்றுதான் இருந்தது. அம்மாகூட அசந்துபோனாள். அதற்கப்புறம் கன்னம் தக்காளியாகச் சிவந்தது. வெயில் பட்டால் எரிகிறது என்று ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டினாய். ட்யூப்பைப் பிடுங்கிப் பார்த்தால் உள்ளே ஸ்டீராய்டு. மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் நான் யாருக்கும் கொடுக்காத சரக்கு என் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது! "ஏன் நைனா, ஊருக்கே மருந்து எடுத்துக் குடுக்கிறவளை வூட்ல வெச்சுகினு இந்தக் கலீஜை எதுக்கு வாங்கினே?" என்று கத்தினேன். நீ சின்னப் பையன் மாதிரி தரையைப் பார்த்தாய். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பெரியாஸ்பத்திரித் தோல் டாக்டரம்மா உன்னை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்கள். "டிரைவரா?" என்றார்கள், நாம் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே. அந்தச் சிவப்பு அடங்க மருந்து எழுதிவிட்டு, "இந்தச் சுருக்கம் வயசுனால வந்தது கொஞ்சம்தாங்க, மீதி வெயில். இருக்கிற கோடு மொத்தமா போகாது. இனிமே புதுசா விழாம பாத்துக்கலாம்" என்றார்கள். நீ விடவில்லை. "கண்ணாடிய ஏத்திட்டுத்தான் மேடம் ஓட்டறேன், ஜாம்ல நின்னாத்தான் எறக்குவேன். ஏசி வண்டி வந்து நாளாச்சு" என்றாய். சூடு தெரியாது, ஆனால் தோலைக் கிழடாக்குகிற கதிர் பக்கத்துக் கண்ணாடி வழியாக உள்ளே வந்துவிடும் என்று அவர்கள் சொன்னபோது உன் வாய் திறந்தபடியே இருந்தது. கண்ணாடிக்குள்ளே வந்து உட்காருகிற அந்தச் சூரியனை நினைத்து எனக்கும் புல்லரித்துப் போனது.

அதுவரைக்கும் சன்ஸ்க்ரீன் வாங்க வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்து பில் போடுவேன், அவ்வளவுதான். உனக்காகத்தான் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் படித்தேன். எஸ்பிஎஃப் முப்பதாவது இருக்க வேண்டும். அது தோல் வெந்துபோகாமல் காப்பது. அதற்குப் பக்கத்தில் பிஏ என்று போட்டு மூன்று பிளஸ் குறியாவது இருக்க வேண்டும். உனக்கு வேண்டியது அந்த பிளஸ்தான், கோடு விழாமல் பார்த்துக்கொள்வது அது. முதலில் வாங்கி வந்தது உன் கருப்பு முகத்தில் சாம்பல் பூசியதுபோல வெள்ளையாக நின்றது. அடுத்தது வேர்வையோடு வழிந்து கண்ணை எரித்தது. மூன்றாவதாக ஜெல் மாதிரி ஒன்று, தண்ணீருக்குச் சீக்கிரம் கரையாதது. பூசினால் பூசினதே தெரியவில்லை. "இதான்மா சரக்கு" என்றாய்.

ஆனால் பூசத் தெரிந்ததா? பொட்டு வைக்கிற அளவு எடுத்து வலது கன்னத்தில் தடவிவிட்டு, முடிந்தது என்று கிளம்பினாய். இரண்டு விரல் நீளத்துக்கு எடுக்க வேண்டும், முகம் பூரா, கழுத்து, காது எல்லாம் பூச வேண்டும் என்று சொல்லிப் பார்த்து அலுத்து, நானே ட்யூப்பைக் கையில் எடுத்தேன். பக்கத்துத் தெருவுக்கே என்னைக் கட்டிக்கொடுத்ததில் உனக்கு இது ஒரு லாபம். தினமும் காலையில் கடைக்குப் போகிற வழியில் வந்து, நாற்காலியில் உட்கார வைத்துப் பூசிவிடுவேன். கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தூக்கிக் காட்டுவாய். கண்ணோரத்துக் கிளைகள், கன்னத்தின் நடுவில் இறங்குகிற ஆழமான கோடு, தாடைக்குப் பக்கத்தில் வளைகிற இன்னொன்று, எல்லாம் என் விரலுக்கு மனப்பாடம்.

வண்டி வரிசையில் உன்னைச் சும்மா விடுவார்களா? "இன்னா மாமு, இன்னிக்கு ஷூட்டிங்கா?" என்பார்களாம். "நாம கருப்பு, நமக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்?" என்று ஒருவர் கேட்டதற்கு, "கருப்பு ஆனா இன்னா, உன் வலது பக்கத்தைக் கண்ணாடில பாரு" என்று சைடு மிர்ரரைத் திருப்பிக் காட்டினாயாம். அவர் பார்த்தாராம். அப்புறம் ட்யூப்புக்குக் கை நீட்டினாராம். மதியம் சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்தினால் முகம் கழுவி மறுபடி பூசிக்கொள்வதும், சூட்டில் கெட்டுப்போகும் என்று ட்யூப்பை டேஷ்போர்டில் போடாமல் சாப்பாட்டுப் பையிலேயே வைத்துக்கொள்வதும் நீயாகவே கற்றுக்கொண்டது. எண்ணூர் ரோட்டில் உன் வண்டிக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் என் கடைக்கு வந்து, "அண்ணன் போடற க்ரீம் குடும்மா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் அசந்துபோனேன், நைனா.

கோடுகள் போகவில்லை. ஆனால் நின்றுவிட்டன. வருஷங்கள் போயும் அந்தக் கன்னம் அதே இடத்தில் நின்றது. புள்ளிகள் கொஞ்சம் மங்கின, தோல் மெத்தென்று ஆனது. எத்தனையோ நாள் பூசிக்கொண்டிருக்கும்போதே, அத்தனை பெரிய சூரியனை இந்த இரண்டு விரல் க்ரீமா நிறுத்தி வைத்திருக்கிறது என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன். உனக்கு அது போதவில்லை. கேமராவைக் கண்டால் இடது பக்கத்தைத்தான் காட்டினாய். என் கல்யாண ஆல்பத்தில் எல்லோரும் நேராகப் பார்க்க, நீ மட்டும் யாரோ கூப்பிட்டதுபோல ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கிறாய்.

போன வருஷம் அன்று காலையிலும் பூசிவிட்டுத்தான் போனேன். கடை ஷட்டரைத் தூக்குவதற்குள் அம்மா ஃபோன் பண்ணிவிட்டாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதே நாற்காலியில் சாய்ந்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் குனிந்து உன் முகத்தோடு முகம் வைத்தபோது அந்த க்ரீம் வாசனைதான் வந்தது.

மறுநாள் குளிப்பாட்டினார்கள். நடுமதியம் எடுப்பதாகச் சொன்னார்கள். முகத்தை மூடாமல்தானே தூக்கிக்கொண்டு போவார்கள்? எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை, அந்த வெயில்தான் கண்ணில் நின்றது. உள்ளே போய் ட்யூப்பை எடுத்து வந்து, பாடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினேன். "இன்னாடி இது, பேஜாரு பண்ணிகினு" என்று அத்தை என் கையைப் பிடித்தாள். தலைமாட்டில் இருந்த அம்மா நிமிர்ந்தாள். "உடு அண்ணி, பூசட்டும். அவருக்கு வெயிலு ஆவாது" என்றாள். அதற்கப்புறம்தான் நான் அழுதேன்.

இப்போது ராத்திரிச் சாப்பாடு முடிந்து, இரண்டு பிரின்ட்டையும் அம்மா மடியில் வைத்துவிட்டேன். சரி பண்ணின படத்தைத்தான் முதலில் எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேரம் போவது தெரியாமல் பார்த்தாள். "யாருடி இது? இந்த ஆளு ஒரு நாளும் வண்டியே ஓட்டலை போல கீதே" என்றாள். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு மற்றதை எடுத்து, வலது கன்னத்தின் மேல் கட்டை விரலை வைத்து மெதுவாகத் தடவினாள். "இத்த மாட்டு" என்றாள்.

"நைனாவுக்குப் புடிக்காதேம்மா."

"அவருக்கு இன்னா தெரியும்? அந்தப் பக்கத்தை அவரா பாத்தாரு, நாமதானே பாத்தோம்."

அதனால் கோபப்படாதே, நைனா. வெள்ளிக்கிழமை நீ நேராகத்தான் பார்க்கப் போகிறாய், இரண்டு கன்னத்தோடும். ஜன்னல் வெயில் படாத சுவராகப் பார்த்து அம்மா ஆணி அடிக்கச் சொல்லியிருக்கிறாள். நான் இன்னும் தினமும் காலையில் இரண்டு விரல் நீளத்துக்கு எடுக்கிறேன், இப்போது எனக்கு. கண்ணாடி முன்னால் நின்றால் கை முதலில் வலது கன்னத்துக்குத்தான் போகிறது. வழுவழுவென்று இருக்கிற என் கன்னத்தில், உன் கோடுகள் ஆரம்பிக்கிற இடத்தில் விரல் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் நகர்கிறது.