மைனாவுக்கும் ஒரு முட்டி

இன்று ஊர்காவற்றுறைச் சந்தையில் ஒருவன் புது மண்முட்டிகளைத் தட்டித் தட்டி விற்றுக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் கேட்டதும் வந்த வேலையை விட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். காரணம் உமக்கு மட்டும்தான் விளங்கும்.

மாத் தட்டுப்பாட்டில் ஊரே பாணுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம், சித்திரையில், நீர் படுக்கையில் விழுந்தீர். சன்னலுக்கு நேரே தாழ்வாரத்தில் ஒரு பழைய கள்ளுமுட்டியைச் சரித்துக் கட்டச் சொன்னீர். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குண்டுக்கரிச்சான் சோடி அதில் குடியேறியது. ஆண் விடியுமுன் முருங்கையில் இருந்து பாடும். டொக்டர் தந்த குளிசையைவிட அது உமக்கு ஒத்துக்கொண்டது. குஞ்சு பொரித்த அன்று, "இதுகள் பறக்கிறதைப் பாத்திட்டுத்தான் போவன்" என்றீர். எங்கே என்று நான் கேட்கவில்லை.

பிறகு அதே முட்டியைப் பிடிக்க மைனாச் சோடி ஒன்று வந்தது.

"இஞ்சருங்கோ, ஒரு கல்லெடுத்து எறியுங்கோவன்!" என்று கட்டிலில் கிடந்தபடி கத்தினீர்.

"அதுகளும் குடும்பம்தானேயப்பா. எங்கை போறது?"

"எங்கடை சுருவில் ஊரிலை வேறை பனைப்பொந்தே இல்லையோ? உங்கடை கச்சேரி ஞாயத்தை இதுக்குள்ளை கொண்டு வராதேங்கோ."

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் நீர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒரு கல்தான்.

நானோ கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்து, காணி எல்லைச் சண்டைகளைக் கோப்பில் கட்டித் தீர்த்தவன். மைனாவுக்கென்று பக்கத்திலேயே இன்னொரு முட்டி கட்டினேன். பங்கிட்டுக் கொடுத்தால் அடங்கிவிடுவார்கள் என்று நம்பிய தலைமுறை எங்களுடையது. இந்த நாட்டில் அதற்கு ஓர் ஆதாரமும் கிடையாது.

மைனாக்கள் என் தீர்ப்பை முழுமனதோடு ஏற்றுக்கொண்டன. புது முட்டியை வேறு எவரும் வராதபடி குப்பையால் அடைத்தன. பிறகு பழையதற்குப் போயின. மறுநாள் காலை பேப்பரும் கையுமாக முற்றத்துக்கு வந்தேன். நாலு குஞ்சும் நிலத்தில் கிடந்தன. எறும்பு எனக்கு முந்திவிட்டது.

"எத்தினை?" என்று உள்ளேயிருந்து கேட்டீர்.

"மூண்டு," என்றேன். "ஒண்டு பறந்திட்டுது."

இறகு முளைக்காத குஞ்சு. வயல்வெளியில் வளர்ந்த கமக்காரர் மகள் உமக்கு அது தெரியாதா?

"பறந்திட்டுதோ? நல்லது. சன்னலைச் சாத்துங்கோ."

சாத்தினேன். ஆண் கரிச்சான் மூடிய சன்னலுக்கு வெளியே சில நாள் பாடிவிட்டு எங்கோ போயிற்று. மூன்று கிழமையில் நீரும் போனீர்.

இரண்டு பக்கமும் பார்த்துத்தான் தீர்த்தேன். கட்டிலில் மூன்றாவதாக ஒரு பக்கம் கிடந்ததைப் பார்க்கவில்லை. என் பொய்யை நம்பினீரா, எனக்காக நம்பியதுபோல் இருந்தீரா என்பதும் தெரியவில்லை. நாலையும் முருங்கையடியில் புதைத்தவன் நான்தான். ஆனாலும் பிள்ளைகள் கேட்டால் இன்றுவரை மூன்று என்றுதான் சொல்லிவருகிறேன். ஒன்றாவது தப்பவேண்டாமா?