கவிழாத பஸ்

ஞாயிறு, இரவு.

பொம்மைக் கம்பெனிக்காரர்களான நானும் தம்பியும் ஒரு வருடமாகப் பாடுபட்டுச் செய்த வீடியோ கேமை இன்றுதான் முதன்முதலாக ஒரு குழந்தையிடம் கொடுத்தோம். நெய்யூரில் அக்கா மகள் ஜெபி. டேப்லெட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் கேமில் வரும் பஸ்ஸை ஓட்டினாள். பாறையில் இடித்தாள், ஆற்றுக்குள் விட்டாள். பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, கவிழவும் இல்லை.

"இது மறியாதா மாமா?"

"மறியாது மக்கா. எங்க இடிச்சாலும் ஓடும்," என்று தம்பி பெருமையாகச் சொன்னான்.

"பின்ன நான் எப்பம் தோப்பேன்?"

தோற்பதற்கு நாங்கள் வழியே வைக்கவில்லை. எந்தப் பொம்மையையும் மொட்டைமாடியிலிருந்து எறிந்து பார்த்து, உடையாவிட்டால்தான் நாங்கள் கடைக்கு அனுப்புவோம். அதே புத்தியில் கேமிலும் பஸ் உடையவோ கவிழவோ கூடாது என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். கேமை எழுதிய பெண் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள். கேட்டேனா?

கிளம்பும்போது பார்த்தேன். ஜெபி டேப்லெட்டைத் தலையணைமேல் சரித்து வைத்து, அதில் எங்கள் கம்பெனியின் பழைய பிளாஸ்டிக் பஸ்ஸை உருட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அது கவிழும்போதெல்லாம் சிரித்தாள்.

"மாமா, இந்த பஸ்ஸு இன்னொண்ணு கொண்டு தருவியளா?"

தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கம்ப்யூட்டர் போட இடம் வேண்டுமென்று அந்த பஸ்ஸை வார்க்கும் இரும்பு அச்சைப் போன மாதம்தான் பழைய இரும்புக்குப் போட்டோம். தம்பிக்கும் தெரியும். வீடு வந்து சேரும்வரை அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.