இரண்டாம் படகின் எஞ்சினைத் திசை பார்த்துப் பொருத்துமாறு கோரும் மனு

அனுப்புநர்:
முதல் படகின் ஓட்டுநர் (பணி இடைநீக்கத்தில் உள்ளவர்),
கடைசி வீடு, படகுத்துறை ஊழியர் குடியிருப்பு.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
நீர்வழிப் போக்குவரத்து அலுவலகம்.

பொருள்: வரும் திங்களன்று இரண்டாம் படகில் பொருத்தவிருக்கும் எஞ்சின் எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதை முன்கூட்டியே சரிபார்க்கவும், என் மீதான விசாரணை அறிக்கையைத் திருத்தவும் வேண்டுதல்.

பார்வை: இதே பொருளில் நான் கொடுத்த மூன்று மனுக்களும், "எஞ்சின் நன்றாக இயங்குகிறது" என்று வந்த ஒரே பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எஞ்சின் நன்றாகத்தான் இயங்குகிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதைத்தான் மூன்று மனுக்களிலும் கேட்டிருந்தேன். நான்காவது முறையாகவும் பணிவுடன் கேட்கிறேன்.

1. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக முதல் படகை இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓட்டி வந்தவன். அதன் பழைய எஞ்சின், முன்னால் நின்று பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். அதைக் கழற்றப் போகிறார்கள் என்று தெரிந்ததும், திசையைக் காட்ட மூடிமேல் சாக்கட்டியால் ஓர் அம்புக்குறி போட்டு வைத்தேன். தாங்கள் பார்வையிட வருவதாகச் சொன்னதால், பட்டறையில் எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுப் பளபளவென்று துடைத்துவிட்டார்கள். அம்புக்குறியும் போயிற்று. தாங்களும் அன்று வரவில்லை.

2. புதிய எஞ்சின் கடிகார முள் போகும் திசையிலேயே சுற்றுவது. குதிரைத்திறன், எடை, போல்ட் துளைகளின் இடைவெளி எல்லாம் பார்த்தவர்கள் இதை மட்டும் பார்க்கவில்லை. கியர்பாக்ஸும் புரொபெல்லரும் பழையவை. ஆகவே வெள்ளோட்டத்தன்று பட்டறை மேஸ்திரி கியர் கைப்பிடியை முன்னால் தள்ள, படகு பின்னால் போய்த் துறைக் கம்பத்தில் முட்டியது. எஞ்சினைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். "அதுக்கெல்லாம் எழுதிப் போட்டா ஆறு மாசம் ஆகும். பின்னால இழுத்தா முன்னால போகுதுல்ல? அப்புறம் என்ன?" என்றார். மறுநாள் பெயிண்டரை அழைத்து, கைப்பிடிக்குப் பக்கத்தில் 'முன்' என்று இருந்த இடத்தில் 'பின்' என்றும், 'பின்' என்று இருந்த இடத்தில் 'முன்' என்றும் எழுத வைத்தார். எழுத்து அழகாகவே இருந்தது.

3. பதின்மூன்று நாள் என் கையை நானே திட்டிக்கொண்டு ஓட்டினேன். நாள் முழுவதும் ரிவர்ஸ் கியரிலேயே ஓடியதால் கியர்பாக்ஸ் சூடாகி எண்ணெய் தீய்ந்த வாடை வந்தது. அதையும் பதிவேட்டில் எழுதினேன். பதினான்காம் நாள் காலை, முப்பத்தொரு பயணிகளோடு, நியூட்ரலில் விட்டு மெல்லத் துறையை நெருங்கும்போது ஒரு துடுப்புப் படகு குறுக்கே வந்தது. சுக்கானைத் திருப்பினேன். நிறுத்துவதற்காக என் கை பழைய பழக்கத்தில் கைப்பிடியைப் பின்னால் இழுத்தது. படகு முன்னால் பாய்ந்து துறைப் படிக்கட்டில் மோதியது. துடுப்புப் படகு தப்பியது. முன் இருக்கையில் இருந்த தையல்காரம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது.

4. அவரை மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். வலது கை, ஐயா. கத்தரி பிடிக்கும் கை. "நீங்க வேணும்னே இடிச்சீங்களா என்ன? போங்கண்ணா, போய்ச் சாப்பிடுங்க" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

5. விசாரணை அதிகாரி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: 'முன்', 'பின்' என்ற எழுத்துகள் படிக்கும்படி இருந்தனவா? இருந்தன என்றேன். 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதி என் உரிமத்தை வாங்கிக்கொண்டார். கவனக்குறைவு நடந்தது உண்மைதான். எஞ்சின் வந்த பெட்டியைப் பிரித்த அன்றே பட்டறையில் அது நடந்துவிட்டது. புதிய எஞ்சினின் பெயர்த்தகட்டில் திசை அம்புக்குறி அச்சிட்டே இருக்கிறது. படம் எடுத்து இத்துடன் இணைத்துள்ளேன்.

6. இப்போது அதே எஞ்சினில் இன்னொன்று, பிரிக்காத பெட்டியாகப் பட்டறை வாசலில் இருக்கிறது. அது இரண்டாம் படகுக்கு. அந்தப் படகின் பழைய எஞ்சினும் எதிர்த்திசையில் சுற்றுவதே. மேஸ்திரியிடம் சொன்னேன். பெயிண்டருக்குச் சொல்லியாகிவிட்டது என்றார்.

7. இரண்டாம் படகைப் பதினாறு ஆண்டுகளாக ஓட்டுபவர் என் மனைவி. என்னைவிட நன்றாக ஓட்டுவாள்; இதை அவளிடம் நான் இதுவரை சொன்னதில்லை. "எனக்குப் பழகிடும். நீங்க மனு எழுதியே பேனாவைத் தீர்க்காதீங்க" என்கிறாள். ஆனால் மாவு டப்பாவில் கரண்டியைக் குத்தி நிறுத்தி, பின்னால் இழுத்தால் முன், முன்னால் தள்ளினால் பின் என்று முணுமுணுத்தபடி பழகிக்கொண்டிருக்கிறாள். நான் அவளுக்குத் தெரியாமல் எண்ணிப் பார்த்தேன். நான்கில் ஒரு முறை தவறுகிறது.

8. ஆகவே, பெட்டியைப் பிரித்ததும் பழையது, புதியது என இரண்டு எஞ்சின்களின் திசையையும் ஒப்பிட்டுப் பார்க்க உத்தரவிட வேண்டுகிறேன். பொருந்தாவிட்டால் அதைத் திருப்பி அனுப்புங்கள். அல்லது அதற்கேற்ற கியர்பாக்ஸையும் புரொபெல்லரையும் போடச் சொல்லுங்கள். பெயிண்டரை மட்டும் அழைக்க வேண்டாம். இரண்டாம் படகின் பழைய எஞ்சின்மேல் ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறேன். இம்முறை சிவப்புப் பெயிண்டில். தாங்கள் வருவதாக இருந்தால், வருவதைப் பட்டறைக்கு முன்கூட்டியே சொல்லாமல் வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் உரிமத்தைத் தாங்கள் நிதானமாக யோசித்துத் திருப்பித் தந்தால் போதும், நான் காத்திருக்கிறேன். செவ்வாய் காலை ஏழரைக்கு முதல் நடை. பயணிகள் ஏறியதும் என் மனைவி அந்தக் கைப்பிடியில் கை வைப்பாள். அதற்குள் யாராவது ஒருவரை அந்த எஞ்சின் முன்னால் ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள், ஐயா.

இடம்: படகுத்துறை
நாள்: 18-ஆம் தேதி, வியாழக்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
முதல் படகின் ஓட்டுநர்