ஒரு பாயிண்ட்டில் போன மார்ச்

மார்ச் 6, வியாழன்

இன்று பெண்கள் கூடைப்பந்துக் காலிறுதியில் டன்மோரிடம் தோற்றோம். 61-60.

எழுதிப் பார்த்தும் மனசு ஏற்க மறுக்கிறது. எங்கள் கூட்டமைப்பில் ஒன்பது கல்லூரிகள். ஜனவரியிலிருந்து எங்கள் காலிஸ்டர்தான் முதலிடம், டன்மோர் எட்டாவது. குளிர்காலம் முழுக்க ஆடி எடுத்த முதலிடத்துக்கு ஒரு கேடயம் கொடுப்பார்கள், அவ்வளவுதான். தேசியப் போட்டிக்கு எங்கள் கூட்டமைப்புக்கு ஒரே ஒரு இடம். அது இந்த நாலு நாள் போட்டியில் கடைசி வரை நிற்பவர்களுக்கு. நாங்கள் முதல் நாள் மத்தியானமே மூட்டையைக் கட்டிவிட்டோம்.

இமானி முதல் பாதி முழுக்க பெஞ்சில். எங்கள் அணியில் பந்தை வைத்துக்கொண்டு யோசிக்கத் தெரிந்த ஒரே பெண், துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நேற்று அணியின் பஸ்ஸில் வராமல் யாரோ பையனுடைய காரில் தனியாக வந்தாளாம். பஸ்ஸைத் தவறவிட்டால் முதல் பாதி கிடையாது என்பது அக்டோபரில் பெண்களே சேர்ந்து போட்ட விதி. சரி, விதி. அதற்காகக் காலிறுதியிலா?

கோச் என் மகள் டாரா. நான் அவளுக்குப் பின்னால் இரண்டாவது வரிசை. "இமானியை எறக்குடீ"ன்னு கத்திட்டேன். அரங்கம் முழுக்கக் கேட்டிருக்கும்.

டாரா திரும்பவே இல்லை.

மார்ச் 7

என் கடையில் எவனுக்கும் டயர் வேண்டாம், நியாயம்தான் வேண்டும். பனிக்கால டயரைக் கழற்றிச் சாதா டயர் மாட்ட வந்தவர்கள் எல்லோரும் கவுன்டரில் சாய்ந்துகொண்டு, "என்ன வெர்னா, உன் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

ஆர்லோ ஜாக்கியை அடிப்பதை நிறுத்தாமலே சொன்னான்: "முதலாளியம்மா, துக்கம் விசாரிக்க வர்றவங்களுக்கு வீல் பேலன்ஸ் கட்டணத்துல பத்து டாலர் ஏத்திடலாமா? சாயங்காலத்துக்குள்ள நம்ம தோத்ததே லாபமாயிடும்."

இருபது வருஷமாக என்னிடம் இருக்கிறான். மற்றவன் சொல்லியிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

டாராவின் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. இலையுதிர் காலத்திலேயே விளையாட்டுத் துறை இயக்குநர் ஃபென்டன் அவளிடம் சொல்லிவிட்டார்: "மார்ச்ல என்ன ஆகுதுன்னு பார்த்துட்டுப் பேசலாம்." மார்ச்சில் என்ன ஆனது என்பதை ஊரே பார்த்தது. தொடர்ந்து நாலாவது வருஷம், முதல் ஆட்டத்திலேயே வெளியே.

மார்ச் 9, ஞாயிறு

டன்மோர் கோப்பையையே வாங்கிவிட்டது. எட்டாவது இடத்திலிருந்து. அவர்களுடைய கிழட்டு கோச் ராட்கே அம்மாள் கோப்பை வாங்கியவர்கள் வழக்கப்படி ஏணியில் ஏறிக் கூடை வலையை வெட்டியதை டிவியில் பார்த்தேன். பாதியில் அணைத்துவிட்டேன்.

மார்ச் 10

டாரா சாப்பிட வந்தாள். பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்டு சூப் வைத்தேன், மக்காச்சோள ரொட்டி சுட்டேன். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டாள், வாயில் போடவில்லை.

"கேட்டுச்சும்மா."

"என்ன கேட்டுச்சு?"

"நீ கத்தினது. எல்லாப் பசங்களுக்கும் கேட்டுச்சு. இமானிக்கும்."

"அவளை எறக்கியிருந்தா ஜெயிச்சிருப்போமா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"ஜெயிச்சிருப்போம்."

அதற்கு மேல் என்ன பேசுவது? பதிலை வைத்துக்கொண்டே தோற்றவளிடம். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். முப்பத்தாறு வயது. ஒரு வாரத்தில் முகம் ஒட்டிப்போய்விட்டது.

வேலை போனால் என்ன செய்வாள்? கடைக்கு வா என்று நான் சொன்னால் வர மாட்டாள், தெரியும். பதினாலு வயசிலேயே என் கடையில் நிற்க மாட்டேன் என்றவள்.

மார்ச் 12

ஃபென்டனைப் பார்த்தேன். டாராவுக்குத் தெரியாது.

லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் பழைய டயரைக் குவித்து வைத்து விற்க ஆரம்பித்தவள் நான். இன்று மூன்று கடை. விற்பவனுக்கு என்ன குறை என்று முதலில் பார்ப்பேன், விலை அப்புறம். காலிஸ்டர் கல்லூரியின் குறை ஊருக்கே தெரியும். அரங்கத்து ஸ்கோர் போர்டு. பாதி பல்பு எரிவதில்லை, எட்டு என்பது ஆறு போலத் தெரியும். இரண்டு வருஷமாக ஃபென்டன் அதற்குப் பணம் தேடுகிறார்.

"புது போர்டு நான் போட்டுத் தர்றேன்" என்றேன். "டாரா விஷயத்தை நீங்க பாத்துக்கணும்."

மனிதர் காபிக் கோப்பையை மெதுவாக வைத்தார். "வெர்னா, கடைசியா சொன்னது என் காதுல விழலை. விழவும் கூடாது. நன்கொடைன்னா நன்கொடை. அதோட வேற பேச்சு எதுவும் ஒட்டினா என் வேலையும் போயிடும், உங்க பொண்ணு பேரும் கெட்டுடும்."

"சரி, விழலைன்னே வெச்சுக்கங்க."

"அப்ப சந்தோஷமா வாங்கிக்கறேன்" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன். தாளை நகர்த்தினார். 'எந்த நிபந்தனையும் இன்றி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நிபந்தனை இல்லாத தாளில் இதுவரை நான் கையெழுத்துப் போட்டதில்லை. போட்டேன். அவருக்குப் புரிந்தது, எனக்கும் புரிந்தது, பிறகு எதற்கு எழுத்து?

வெளியே வந்து வண்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன்.

மார்ச் 14

ஒரு தகவலும் இல்லை.

மார்ச் 15

இன்றும் இல்லை. ஃபென்டனின் மனைவி காருக்கு எண்ணெய் மாற்ற வந்தாள். வானிலை பற்றிப் பேசினாள். வானிலை!

மார்ச் 17, திங்கள்

வந்துவிட்டது. டாரா போனில் சொன்னாள்: "ஒரு வருஷம் நீட்டிச்சிருக்காங்கம்மா."

ஒரு வருஷம்தானா? அந்த போர்டுக்கு மூன்று வருஷமாவது எதிர்பார்த்தேன். ஆனாலும் மூச்சு வந்தது. "நல்லது கண்ணு. கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இன்னும் இல்ல. ஃபென்டன் ஏன் இவ்வளவு சிரிச்சார்னு யோசிச்சிட்டு இருக்கேன்."

நான் அடுப்பில் ஏதோ கருகுது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பே எரியவில்லை.

மார்ச் 19

எல்லாம் கெட்டது.

ஊர்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஃபென்டன் இரண்டு செய்தியையும் ஒன்றாகப் போட்டுவிட்டார். மேலே புது ஸ்கோர் போர்டு, என் கடை வாசலில் எடுத்த பழைய போட்டோவோடு. கீழே கோச் டாரா ஹோல்கோம்புக்கு ஒரு வருஷம் நீட்டிப்பு. கண் இருக்கிறவனுக்கெல்லாம் கணக்குத் தெரியும்.

காலைச் சாப்பாட்டுக் கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. விதை வியாபாரி பக் மட்டும் முட்டையை வெட்டிக்கொண்டே கேட்டான்: "வெர்னா, ஒரு வருஷத்துக்கு எத்தனை அடி போர்டு? என் மச்சானுக்கும் ஒரு வேலை வேணும்."

"உன் மச்சானுக்கு போர்டு பத்தாது பக். அரங்கத்தையே கட்டிக் குடுக்கணும்" என்றேன். சிரித்தார்கள். உட்காராமலே வெளியே வந்துவிட்டேன்.

மத்தியானம் டாரா கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் இரண்டு பேர் இருந்தார்கள். ஆர்லோ அவர்களை, "வாங்க, உங்க பிரேக்கைக் காட்டறேன்"னு பின்னாடி தள்ளிக்கொண்டு போனான்.

"எவ்வளவும்மா?"

"என்ன எவ்வளவு?"

"நான். எனக்கு எவ்வளவு குடுத்தே?"

"உன்னைக் காப்பாத்தத்தான்டீ—"

"நாலு டயர் வாங்கினா ஒண்ணு சும்மான்னு போர்டு வெச்சிருக்கியே, அந்த ஒண்ணு நானா?" குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "ஒரு பொண்ணை விதிக்காக உக்கார வெச்சேன். ஒரு பாயிண்ட்ல தோத்தேன். அதுக்குண்டான தண்டனை வந்திருந்தா வாங்கியிருப்பேன். இப்ப அந்தப் பசங்க மூஞ்சியை எப்படிப் பாக்கறது? விதியெல்லாம் உங்களுக்கு, எங்கம்மா இருக்கா எனக்குன்னா?"

நான் ஏதோ சொன்னேன். வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம் என்றோ என்னவோ. சொல்லியிருக்கக் கூடாது.

ஒப்பந்தத்தை இரண்டாகக் கிழித்து என் கவுன்டரில் வைத்துவிட்டுப் போனாள். வால்வு மூடி வைக்கும் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இன்னும் கிடக்கிறது. எடுக்க மனசு வரவில்லை.

அப்படியென்றால் இப்போது அவளுக்கு வேலை இல்லை. காப்பாற்றப் போய் நானே பிடுங்கிவிட்டேனா?

மார்ச் 20

போன் எடுக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

தேசியப் போட்டி முதல் சுற்று. டன்மோர், பெரிய கல்லூரி ஒன்றிடம் நாற்பத்தோரு பாயிண்ட் வித்தியாசத்தில் நசுங்கியது. இந்த வருஷத்துக்கு எங்கள் கூட்டமைப்பின் கதை அதோடு முடிந்தது.

கடையில் ஆர்லோவோடு பார்த்தேன். மற்ற நாளெல்லாம் டன்மோர் என்றால் துப்புகிற ஊர் எங்களது. ஆனால் அனுப்பியது ஒரே அணி, அது ஜெயித்தால் ஒன்பது கல்லூரிக்கும் பணத்தில் பங்கு வரும். அதனால் இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு கை தட்டினோம்.

"விரோதிக்குக் கை தட்டறது இவ்வளவு வலிக்கும்னு தெரியாது முதலாளியம்மா" என்றான்.

மூன்றாவது கால் பகுதியில் ராட்கே அம்மாள் தன் சிறந்த ஆட்டக்காரியை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்தார். நடுவரை முறைத்தாளாம். ஏற்கெனவே முப்பது பாயிண்ட் பின்தங்கியிருக்கும்போது அது ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். எனக்கு டாரா ஞாபகம் வந்தது. அவளும் எங்கோ பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

மார்ச் 25

ராட்கே ஓய்வு பெறுகிறார் என்று செய்தி. காலிஸ்டரில் டாராவின் இடத்துக்கு விளம்பரம் போட்டுவிட்டார்கள். ஃபென்டன் வேகமான ஆள்.

மார்ச் 27

இமானி வந்தாள். ஒரு டயரில் ஆணி. நானே ஒட்டினேன், காசு வாங்கவில்லை.

அவள் வேறு கல்லூரிக்கு மாறப் போகிறாளாம். கோச் மேல் கோபமா என்று கேட்டேன்.

"அன்னிக்கு இருந்துச்சு ஆன்ட்டி. அவங்க மேல மட்டும் இல்ல, உங்க மேலயும்."

"என் மேல எதுக்கு?"

"நீங்க கத்தினதும் நான் எழுந்துட்டேன். கோச் எறக்கிடுவாங்கன்னு நெனச்சேன். அப்புறம் எல்லாரும் என்னைப் பாத்தாங்க." சாவியைச் சுற்றிக்கொண்டே நின்றாள். "டன்மோர்ல கோச்சைக் கூப்பிட்டிருக்காங்க, தெரியுமா?"

தெரியாது. என் மகளைப் பற்றி எனக்கு ஊரார் சொல்லித் தெரிகிறது.

மார்ச் 29

டன்மோரின் இயக்குநர் பெயரைக் கண்டுபிடித்தேன். அந்த ஊரில் என் டயர் வாங்கும் லாரிக் கம்பெனி ஒன்று உண்டு, அவர்கள் கல்லூரிக்குப் பெரிய ஆதரவாளர்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். தப்பாக எதுவும் இல்லை, என் பெண் நல்ல கோச் என்று மட்டும்.

எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. எடுப்பதற்குள் வைத்துவிட்டேன்.

திரும்ப அழுத்தினேன். திரும்ப வைத்தேன்.

போனை ஆர்லோவிடம் கொடுத்து, "இன்னிக்கு முழுக்க நீ வெச்சுக்கோ" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. மேல்சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

மார்ச் 31

இன்று நாள் முழுக்க டயர் கழற்றினோம். இடுப்பு போய்விட்டது. நல்லதுதான். யோசிக்க நேரமில்லை.

ஏப்ரல் 2, புதன்

டாரா டன்மோரில் சேர்ந்துவிட்டாள். நாலு வருஷம். யாரும் எதுவும் வாங்கித் தராமல்.

சாயங்காலம் வந்தாள். பெட்டி வேண்டுமாம், வீட்டைக் காலி செய்ய. டயர் வரும் பெரிய அட்டைப் பெட்டிகளைக் கட்டிக் கொடுத்தேன். அவளாகவே சொன்னாள்.

"ராட்கே என்ன கேட்டாங்க தெரியுமா? 'அந்தப் பொண்ணை உக்கார வெச்சியே, தோத்தப்புறம் வருத்தப்பட்டியா?'ன்னு. ஆமான்னேன். 'திரும்பச் செய்வியா?'ன்னாங்க. அதுக்கும் ஆமான்னேன். அவ்வளவுதான் பேட்டி."

"நான் ஒரு போன் கூடப் பண்ணலை" என்றேன்.

"தெரியும். ஆர்லோ சொன்னான்." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். "நான் சொல்றதுக்கு ஒத்துக்கிட்டா நீ ஆட்டத்துக்கு வரலாம். எந்த அதிகாரிகிட்டயும் பேசக் கூடாது. எனக்குப் பின்னாடி உக்காரக் கூடாது. ஆட்டம் நடக்கறப்போ என் பேரோ, ஆடற பசங்க பேரோ உன் வாயில வரக் கூடாது."

"கை தட்டலாமா?"

யோசித்தாள். "தட்டலாம்."

பேரம் பேசவில்லை. கை குலுக்கினோம். அவள் கை என் கையைவிடப் பெரியது என்பதை இத்தனை வருஷத்தில் இன்றுதான் கவனித்தேன்.

அவள் போனதும் ஃபென்டனைக் கூப்பிட்டேன். ஆள் தயாராக இருந்தார். "வெர்னா, அது நிபந்தனை இல்லாத நன்கொடை. நீங்களே படிச்சுட்டுத்தான் போட்டீங்க." படித்துவிட்டுத்தான் போட்டேன். திரும்பக் கேட்பதற்காகக் கூப்பிடவில்லை என்றேன். நம்பினாரா தெரியாது. நன்கொடையாளருக்கு இரண்டு நிரந்தர இருக்கை உண்டு, எங்கள் கோச்சுக்குப் பின்னாலேயே போட்டுத் தருகிறேன் என்றார். எங்கே வேண்டும் என்று நான் சொன்னேன். பிறகு எழுதிக்கொண்டார்.

முடிவானது: ஸ்கோர் போர்டு எண்பத்து நாலாயிரம் டாலர், மூன்று தவணை, முதல் தவணை ஜூன் ஒன்று. இருக்கை இரண்டு, டன்மோர் ஆட வரும்போது உட்காரும் விருந்தாளி அணியின் பக்கம், ஓரமாக, கடைசி வரிசை.